கதைப் புத்தகமும் காப்பியும்: பெங்களூரு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர்ப் பக்கம் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், கதையைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச்சு தவறாமல் காப்பிக்கு வந்துவிடும். எந்தக் கதைக்கு எந்தக் காப்பி என்று கேட்கிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பதில் போடுவதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

கதைக்கும் காப்பிக்கும் பொருத்தம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல சும்மா இன்ஸ்டாகிராம் வேலையா?

பாதி இன்ஸ்டாகிராம் வேலைதான். சோகக் கதைக்குக் கறுப்புக் காப்பி, காதல் கதைக்கு நுரை பொங்கும் கேப்புச்சினோ என்பதெல்லாம் படம் எடுக்க உதவும். கசப்பாக எதையோ குடித்தால் கதையின் துக்கம் கூடிவிடாது.

மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. ஒரு காப்பி எத்தனை நிமிஷம் குடிக்கிற சூட்டில் இருக்கும், அதைக் குடிக்க ஒரு கை போதுமா, குடித்தபின் எத்தனை மணி நேரம் தூக்கம் தள்ளிப்போகும்: இந்த மூன்றையும் படிக்கப்போகும் கதையின் நீளத்தோடும் வேகத்தோடும் சேர்த்துப் பாருங்கள். நான் பொருத்தம் என்று சொல்வது இதைத்தான். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதிலிருந்து கிளம்புகிறவைதான்.

அப்போ வீட்டு ஃபில்டர் காப்பிக்கு எது சரியா வரும்?

சிறுகதை. சந்தேகமே வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். டபராவில் ஆற்றினால் இன்னும் சீக்கிரம். நுரையோடு கையில் வந்த காப்பிக்கு ஏறக்குறைய பத்து நிமிஷம்தான் நல்ல காலம். அதற்கப்புறம் மேலே ஆடை படியும், அடியில் சர்க்கரை தங்கும், குடிக்க மனசு வராது.

பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதையை அவசரமில்லாமல் படிக்கக் கால் மணி நேரமாவது ஆகும். அதாவது காப்பி முதலில் தீர்ந்துவிடும், கதை இன்னும் ஓடும். எனக்குப் பிடித்த ஏற்பாடே இதுதான். ஆட்கள் அறிமுகமாகும் பகுதியில் கையில் டம்ளர் இருக்கட்டும். கதை திரும்புகிற இடத்துக்கு வரும்போது டம்ளர் காலியாகக் கீழே இருக்க வேண்டும். முக்கியமான வரியில் உதட்டைச் சுட்டுக்கொண்டால் அந்த வரி வீண்.

அக்கா, தர்ஷினில நின்னுக்கிட்டே படிக்க முடியுமா?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: தர்ஷினி என்பது நம் ஊரின் சுயசேவைச் சிற்றுண்டிக் கடை. டோக்கன் வாங்கி, கவுன்டரில் கொடுத்து, உயரமான மேசையருகே நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். காப்பி அளவு சின்னது, நாலைந்து மடக்கில் முடிந்துவிடும். ஒரு பக்கக் கதை, குறுங்கதை, அதுவும் போனில் என்றால் சரி. அச்சுப் புத்தகத்தை அந்த மேசையில் வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் நின்றவரின் சாம்பார் அங்கே ஈரமாக இருக்கும்.

பை டூ வாங்கினால் போனையும் எடுக்க வேண்டாம். ஒரு காப்பியை இரண்டு கிளாஸில் பங்கு போட்டு ஒருத்தர் கூட நிற்கிறார் என்றால், அவர் பேச வந்திருக்கிறார்.

ஆயிரம் பக்க நாவல் எடுத்திருக்கேன். அதுக்கு எத்தனை காப்பிதான் போடறது?

முதலில் அந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், ஆனால் கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாரா வாரம் வாசகரைக் காக்க வைக்க வேண்டிய எழுத்து என்பதால் அத்தியாயங்கள் சின்னதாக இருக்கும், முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு விழும். அந்த மாதிரி நாவலுக்கு டம்ளர் காப்பியே போதும். அத்தியாயத்துக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்தால் மட்டும் வயிறு கெட்டுவிடும். உட்காரும்போது ஒன்று, அவ்வளவுதான்.

அத்தியாயப் பிரிவே இல்லாமல் அறுபது எழுபது பக்கம் ஓடுகிற நவீன நாவல்களுக்கு வேறு வழி வேண்டும். காலையில் டிகாக்‌ஷன் இறக்கி மூடி வையுங்கள். வேண்டும்போது பாலை மட்டும் காய்ச்சி அரை டம்ளர், அரை டம்ளராகக் கலந்து குடியுங்கள். பால் கலந்த காப்பியைத் திரும்பச் சூடுபண்ணாதீர்கள். டிகாக்‌ஷனையும் அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்க விடக்கூடாது, கசந்துபோகும். எழுந்து போகவே சோம்பலா? கோல்ட் ப்ரூ இருக்கிறது. கரகரப்பாக அரைத்த பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் தயார். ஏற்கெனவே ஆறியது என்பதால் இனி ஆறுமே என்ற கவலை கிடையாது. பெங்களூரின் ஏப்ரல் மத்தியானத்தில் நீண்ட நாவலுக்கு அதுதான் சௌகரியம். வடிசாறு கெட்டியாக இருக்கும், தண்ணீர் சேர்த்துக் குடியுங்கள்.

சிக்கரி போட்ட பொடி மட்டம்னு சொல்றாங்களே, நல்ல புக்குக்கு அதைக் குடிக்கலாமா?

இந்தச் சண்டை நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், சென்னைக்கு வந்து இறங்கிய கடவுளைப் பிள்ளை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுக்கிறார். குடித்துப் பார்த்துக் கடவுள் பரவசப்படும்போது, அது உம்முடைய வேலை இல்லை, ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் வேலை என்று பிள்ளை விளக்கம் சொல்கிறார். கடவுளுக்கே தெரியாமல் போன கலப்பு!

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். காய வைத்து, வறுத்து, பொடியாக்கிச் சேர்க்கிறார்கள். நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், லேசான இனிப்புக் கலந்த கசப்பு வரும். காப்பி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வாசகருக்கு முக்கியமான சங்கதி வேறு. சிக்கரியில் காஃபின் கிடையாது. ஆகவே 60-40 கலவை என்றால் அதே அளவு பொடியில் தூக்கத்தைக் கெடுக்கும் சரக்கு அந்த அளவுக்குக் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படிக்கிறவர்கள் சிக்கரிப் பொடியை மட்டமாகப் பேச வேண்டாம் என்பது என் கட்சி.

மல்லேஸ்வரத்துல பொடிக் கடைக்காரர் பீபரியா, பிளாண்டேஷனா, ரோபஸ்டாவான்னு கேக்கறார். நான் முழிக்கறேன். என்ன சொல்றது?

காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் எதிரெதிராக ஒட்டியிருக்கும். சில பழத்தில் ஒன்றுதான் விளையும், உருண்டையாக. அதைப் பொறுக்கித் தனியாக விற்பது பீபரி. பிளாண்டேஷன் என்றால் சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா இனக் கொட்டை. பக்கத்தில் ஏ, பி என்று வருவது கொட்டையின் பருமனைச் சொல்கிறது. செர்ரி என்றால் பழத்தோடு வெயிலில் காய வைத்தது. ரோபஸ்டா வேறு இனம். கசப்பு தூக்கல், டிகாக்‌ஷன் கெட்டி, காஃபினும் ஜாஸ்தி. அராபிகாக் கொட்டையில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் காஃபின் என்றால் ரோபஸ்டாவில் சுமார் 2.2.

பால் விட்டுக் குடித்துக்கொண்டு சிறுகதை படிப்பவருக்குப் பீபரியும் பிளாண்டேஷன் ஏவும் பாதிப் பாதி, விருப்பம் இருந்தால் கொஞ்சம் சிக்கரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொக்க வைக்கும் நாவலோடு உட்காருகிறவர் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல்லலாம். பீபரிக்கு ருசி தனி என்று சத்தியம் செய்வார்கள். பால் சர்க்கரை சேர்த்தபின் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

கஷ்டமான நாவல், நாலு பக்கத்துல தூங்கிடறேன். ஸ்ட்ராங்கா ஒண்ணு அடிச்சா போதுமா?

நேரம் தெரிந்து அடித்தால் உதவும். குடித்தவுடனே காஃபின் வேலை செய்யாது. ரத்தத்தில் அது உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகலாம். புத்தகத்தைத் திறந்த பிறகு குடித்தால், அது ஏறுவதற்குள் நீங்கள் சாய்ந்திருப்பீர்கள். முதலில் குடியுங்கள். அடுத்த இருபது நிமிஷம் நேற்றுப் படித்த கடைசிப் பக்கங்களைத் திரும்பப் புரட்டுங்கள், ஆட்களின் பெயர்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் புதுப் பக்கத்துக்குப் போங்கள்.

அப்படியும் தூங்கினால் குறை காப்பியில் இல்லை. அந்த நாவலை மூடி வைத்துவிட்டு வேறு எடுங்கள். எங்கள் வட்டத்தில் யாரும் தேர்வு வைப்பதில்லை.

எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் படிக்கவே நேரம். காப்பி இல்லாம கதை ஓடாது. என்ன பண்றது?

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். பதினோரு மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை நாலுக்கும் உள்ளே இருக்கும். மறுநாள் அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் அதன் பலன் தெரியும். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பெரியவர்களுக்குப் பொதுவாகத் தொந்தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு 200 போதும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ராத்திரித் தூக்கத்துக்கு இந்த எண்கள் உத்தரவாதம் தராது.

வாசனைதான் தேவை என்றால் ஒரு டம்ளர் சூடான பாலில் ஒரே ஸ்பூன் டிகாக்‌ஷன் விடுங்கள். இல்லாவிட்டால் சிக்கரி அதிகமான கலவை, காரணம் மேலே சொன்னதுதான். காஃபின் நீக்கிய பொடியும் கிடைக்கிறது, அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அப்புறம் ஒன்று: கொலைக் கதை, துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்குக் காப்பியே எதற்கு? அந்தக் கதையே தூங்க விடாது. காப்பியையும் சேர்த்துக்கொண்டு மூன்று மணிக்கு எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.

இந்திராநகர்ல போர் ஓவர்னு ஒரு கப் கறுப்புக் காப்பிக்குத் தீட்டிடறாங்க. புளிக்குது வேற. அதுக்குத் தகுந்த புக் எது?

புளிப்பு கெட்டுப்போனதால் வருவதில்லை. அந்தக் கடைகள் கொட்டையைக் குறைவாக வறுக்கும். அப்போது அராபிகாவின் இயல்பான பழப் புளிப்பு தங்கிவிடும். நம் வீட்டுப் பொடி நன்றாக வறுபட்டது, மேலே பால் வேறு. அதனால் நம் நாக்குக்கு அது புதுசு. காகித வடிகட்டியில் வெந்நீரை மெல்ல ஊற்றி இறக்கும் இந்தக் காப்பி டம்ளர் காப்பிக்கு நேர் எதிர். ஆற ஆறத்தான் அதன் புளிப்பும் இனிப்பும் தெளிவாகத் தெரியும். அரை மணி நேரம் வைத்துக் குடிக்கலாம், ஆடை படியாது.

ஆக, மெதுவாகப் போகிற எழுத்துக்கு இது. ஊரையும் வெயிலையும் பக்கம் பக்கமாக விவரிக்கும் நாவல், ஒரு பத்தி படித்துவிட்டு ஜன்னலைப் பார்க்க வைக்கும் கதை. ஏற்கெனவே படித்த புத்தகத்தைத் திரும்பப் படிக்கவும் நல்லது. கதை தெரியும் என்பதால் கவனத்தில் கொஞ்சம் கப்புக்கு ஒதுக்கலாம். பாக்கெட்டில் எஸ்டேட் பெயர், உயரம், பதப்படுத்திய முறை எல்லாம் போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். இந்தியக் காப்பியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. சிக்கமகளூரும் குடகும் இங்கிருந்து ஒரு பகல் பயணத்துக்குள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் ஏழு கொட்டைகளை ஏமனிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கப்போடு அதுவும் இலவசம்.

ருசிக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லைங்கறீங்க. ஒரு விதிவிலக்குகூடவா இல்ல?

ஒன்று உண்டு: மான்சூன்ட் மலபார் என்கிற காப்பி. பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் காப்பிக் கொட்டை போய்ச் சேர மாதக்கணக்காகும். கப்பலின் அடித்தளத்து ஈரத்தில் கொட்டை ஊதி, வெளிறி, புளிப்பை இழந்துவிடும். அங்கே குடித்தவர்கள் அதையே ருசி என்று பழகிவிட்டார்கள். பயண நாள் குறைந்து கொட்டை பச்சையாக, அப்படியே போய் இறங்கியபோது, பழைய ருசி எங்கே என்று கேட்டார்களாம். அதனால் இன்றைக்கும் கரையோரக் கிடங்குகளில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காற்று படும்படி கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டை மாற்றி, அந்தக் கப்பல் பயணத்தையே செயற்கையாக நடத்துகிறார்கள். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

கடல், துறைமுகம், பிழைக்கப் போனவர்கள், ஊர் திரும்பாதவர்கள் பற்றிய நாவல் படிக்கும்போது இதை ஒரு கப் போட்டுக் குடித்துப் பாருங்கள். புளிப்பே இல்லாத, கனமான, லேசாக மண் வாசம் வீசும் காப்பி. நாக்கு கதையோடு சேர்கிறதா, தெரிந்த சரித்திரம் சேர்த்து வைக்கிறதா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான். அதனாலேயே இது விதிவிலக்கு.

காப்பிக் கடை வர்ற கதைய காப்பிக் கடையிலயே போய்ப் படிச்சா நல்லா இருக்குமா?

இருக்கும், ஒரு தடவை. நம் ஊருக்கு அதற்கென்றே ஒரு புத்தகம் அமைந்திருக்கிறது. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’. பெங்களூரில் ஒரு காஃபி ஹவுஸில்தான் கதை தொடங்குகிறது. கதை சொல்கிறவன் அங்கே வந்து உட்காருவான், வின்சென்ட் என்கிற சர்வர் பேசுகிற ஒன்றிரண்டு வார்த்தையில் அவனுக்கு ஞானவாக்கு கேட்கும். தமிழிலும் கிடைக்கிறது, சின்னப் புத்தகம், இரண்டு காப்பியில் கணிசமாக நகர்ந்துவிடலாம்.

சர்ச் ஸ்ட்ரீட் இந்தியன் காஃபி ஹவுஸுக்குப் போங்கள். எம்.ஜி. ரோட்டில் இருந்து 2009-இல் இங்கே மாறி வந்தது. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை. இந்தக் கூட்டுறவுச் சங்கங்களில் முதலாவது 1957-இல் நம் பெங்களூரில்தான் ஆரம்பமானது. காப்பி அசாத்தியம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகச் சர்வர் வந்து நிற்கும்போது புத்தகத்தில் வின்சென்ட் பேசிக்கொண்டிருந்தால் சிரிப்பு வரும். பழைய புத்தகக் கடைகளும் அதே தெருவில்தான். பையில் இடம் விட்டுக்கொண்டு போங்கள்.

ஒரே காப்பிய வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தா தப்பா?

வார நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கடை காலியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு காலையில், வாசலில் நாலு பேர் காத்திருக்கையில் தப்புத்தான். மணிக்கு ஒன்று என்று ஏதாவது வாங்குங்கள். நாலு பேர் மேசையை ஒற்றை ஆளாகப் பிடிக்காதீர்கள்.

மெட்ரோல ஃபிளாஸ்க் கொண்டு போய்க் குடிச்சுக்கிட்டே படிக்கலாமா?

கூடாது. நம்ம மெட்ரோவில் ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி இல்லை. கிளம்பும் முன் குடித்துவிட்டு ஏறுங்கள். அரை மணிக்கப்புறம் காஃபின் ஏறும் என்று முன்னால் சொன்னேன் இல்லையா, ஒயிட்ஃபீல்டு வரை போகிறவர்களுக்குக் கணக்குச் சரியாக வரும்.

லைப்ரரி புக்ல காப்பி கொட்டிடுச்சு. தெரியாத மாதிரி திருப்பிக் கொடுத்துடலாமா?

அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்து நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம் என்றால், அடுத்து அதை எடுக்கப்போகிறவர் நம் வட்டத்து ஆளாகவே இருக்கலாம். சொல்லிவிடுங்கள். கொட்டியவுடன் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நனைந்த தாளுக்கு முன்னும் பின்னும் வெள்ளைக் காகிதம் வைத்து, அது ஈரமானால் மாற்றி, கடைசியில் கனமான எதையாவது மேலே ஏற்றிவையுங்கள். வெயிலில் காய வைத்தால் தாள் நெளியும். கறுப்புக் காப்பி கறையோடு போகும். பால் காப்பி சில நாளில் நாற்றமும் பூஞ்சையும் கொண்டுவரும், எறும்பு கணக்கில் சேரவில்லை. ஆகவே இரவல் புத்தகத்துக்கு டபராவோடுதான் காப்பி. சிந்துவதைப் பிடிக்கத்தான் அது கீழே இருக்கிறது.

ஏம்மா, எனக்குக் காப்பியே ஆகாது, டீதான். உங்க கூட்டத்துக்கு வரலாமா?

வாங்க மாமா. முதல் பதிலில் சொன்ன மூன்று கணக்கும் டீக்கும் அப்படியே பொருந்தும். கப்பில் காஃபின் குறைவு என்பதால் ராத்திரிக் கணக்கில் நீங்கள் எங்களைவிட ஒரு படி மேல்.

அடுத்த மாசம் கூட்டம் என் வீட்ல. பன்னெண்டு பேர். சிறுகதை வாசிப்பு. காப்பி எவ்வளவு, எப்போ கொடுக்கறது?

ஆளுக்கு 100 மில்லி என்று வையுங்கள். பன்னிரண்டு பேருக்கு 100 முதல் 120 கிராம் பொடி, அதில் முதல் டிகாக்‌ஷன் சுமார் 350 மில்லி, பால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு ஃபில்டர் சின்னது என்றால் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று வாங்கி இரண்டிலும் முதல் நாள் ராத்திரியே இறக்கிவிடுங்கள். ஒன்றிலேயே இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றினால் கடைசி நாலு பேருக்குச் சப்பென்று போகும்.

வாசிக்கும்போது கொடுக்காதீர்கள். டம்ளர் டபராவில் இடிக்கும் சத்தம், ஆற்றும் சத்தம், சர்க்கரை எங்கே என்ற கேள்வி, வாசிக்கிறவர் பாவம். எல்லாரும் வந்து செருப்பைக் கழற்றும்போதே பாலை அடுப்பில் வையுங்கள். குடித்து முடித்து, டம்ளரெல்லாம் சமையலறைக்குப் போனபின் முதல் வரியை வாசிக்கட்டும். விவாதம் சூடுபிடித்தால் இரண்டாவது ரவுண்டு கேட்பார்கள். அதற்கு அரை லிட்டர் பால் தனியாக எடுத்து வையுங்கள், டீ மாமாவுக்கும் அதிலேயே சரிக்கட்டிவிடலாம்.